பள்ளி ஆசிரியராக இருந்து இந்தியக் கால்பந்தை உயர்த்திய ரஹீம் சாஹிப்

ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கால்பந்து அணி இதுவரை இரண்டு முறைதான் தங்கம் வென்றுள்ளது. ஒன்று 1951-ல், மற்றொன்று 1962-ல். இரண்டு முறையும் பயிற்சியாளர் ஒருவரே. அவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம். ஆனால் இன்றைய இளைஞர்களில் பலருக்கு 2024-ல் 'மைதான்' என்ற இந்தித் திரைப்படம் வந்த பிறகே இவர் பெயர் தெரிந்தது.

1909 ஆகஸ்ட் 17-ல் பிறந்த ரஹீம், உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே அதன் கால்பந்து அணியில் ஆடியவர். பட்டம் பெற்ற பின் பள்ளி ஆசிரியரானார். உடற்கல்வியும் படித்துத் தேர்ந்தார். வகுப்பறையில் பாடம் நடத்திய அதே பொறுமையோடு மைதானத்திலும் கற்றுக்கொடுத்தார். பயிற்சியாளரான பிறகும் எல்லோருக்கும் அவர் 'ரஹீம் சாஹிப்'தான்.

அவர் பயிற்சியளித்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டின் இறுதிப் போட்டியில் இந்தியா 1-0 என ஈரானை வீழ்த்தியது.

அடுத்த ஆண்டே பெரிய அடி விழுந்தது. ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று இந்தியா தோற்றது. நம் வீரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதன் பின்னரே பூட்ஸ் அணிவது கட்டாயமானது. ஆட்டமுறையும் மாற வேண்டும் என்பதை ரஹீம் உணர்ந்தார். தனித்திறமையைக் காட்ட பந்தை நீண்ட நேரம் காலில் வைத்திருக்கும் பழக்கத்தை விடச் செய்து, உடனே பந்தைக் கடத்தும் கூட்டு ஆட்டத்தைப் பழக்கினார். வலது காலை மட்டுமே நம்பும் வீரர்கள் இடது காலையும் பயன்படுத்தப் பழக வேண்டும் என்பதற்காகவே தனிப் போட்டிகள் நடத்தினார்.

பலன் நான்கே ஆண்டுகளில் தெரிந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என இந்தியா வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல்கள் அடித்தார். அரையிறுதி வரை முன்னேறிய இந்தியா நான்காம் இடம் பெற்றது.

1962 ஜகார்த்தா போட்டியின்போது ரஹீமைப் புற்றுநோய் வாட்டிக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என இந்தியா தோற்றது. அடுத்து தாய்லாந்துடன் நடந்த ஆட்டத்தில் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் பட்டு தையல் போட வேண்டியதாயிற்று. ரஹீம் அவரை ஒதுக்கிவிடவில்லை. முன்கள வீரராக மாற்றி இறக்கினார். அரையிறுதியிலும் இறுதியிலும் ஜர்னைல் கோல் அடித்தார். செப்டம்பர் 4-ல் நடந்த இறுதிப் போட்டியில், பார்வையாளர்களின் கடும் எதிர்ப்புக் கூச்சலுக்கு நடுவே, அதே தென்கொரியாவை இந்தியா 2-1 என வென்றது. அன்று கோல் காத்தவர் மெட்ராஸ் ரெஜிமென்டில் பணியாற்றிய பீட்டர் தங்கராஜ்.

ஒன்பது மாதங்கள் கழித்து, 1963 ஜூன் 11-ல் ரஹீம் காலமானார். வயது 53. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியா விருது தொடங்கப்பட்டதே 1985-ல்தான். அவருடைய மகன் சையது ஷாஹித் ஹகீமும் கால்பந்து வீரராகவும் பயிற்சியாளராகவும் நடுவராகவும் விளங்கியவர்.

ரஹீமிடம் பணபலமோ நவீனக் கருவிகளோ இருக்கவில்லை. ஓர் ஆசிரியரின் ஒழுங்கும், தோல்வியிலிருந்து கற்கும் மனமும் இருந்தன. விளையாட்டுப் பாடவேளையைப் பிடுங்கி வேறு பாடத்துக்குக் கொடுக்கும் பள்ளிகளும், மாலையில் பந்தைத் தூக்கும் பிள்ளையைக் கண்டிக்கும் பெற்றோரும் சற்று யோசிக்க வேண்டும். நாட்டுக்கு இரண்டு தங்கம் வாங்கித் தந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர்.