மாறா வேக மூட்டு: பழுதை இனங்காணலும் மாற்றீடு செய்தலும்

முன்சில்லுகளால் செலுத்தப்படும் காரில் முன்சில்லு எஞ்சினின் வலுவைப் பெற்றுச் சுழல்வதோடு சுக்கானுக்கு ஏற்பத் திரும்பவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிகழச் செய்வது மாறா வேக மூட்டு ஆகும். கராஜ்களில் இது சி.வி. ஜொயின்ற் எனப்படும். 1959இல் வெளிவந்த மினி கார் இம்மூட்டைப் பயன்படுத்தியது.

அமைப்பு

சாதாரண ஹூக் மூட்டு வளைந்து சுழலும்போது வெளியீட்டு வேகம் ஒரு சுற்றில் இரு தடவை கூடிக் குறையும். வெளிப்புற மாறா வேக மூட்டில் பொதுவாக ஆறு உருக்குக் குண்டுகள் தவாளிப்புகளில் அமைந்துள்ளன. இரு தண்டுகளுக்கு இடைப்பட்ட கோணத்தை இருசமகூறிடும் தளத்தில் குண்டுகள் நிற்பதால் வேகம் மாறுவதில்லை.

பழுதடையும் விதம்

மூட்டைச் சுற்றியுள்ள இறப்பர் உறை கிழிந்தால் கிறீஸ் வெளியேறும். மணலும் நீரும் உட்புகும். தவாளிப்புகள் தேய்ந்து குழிவிழும். உறை கிழிந்தவுடனே கவனித்தால் உறையும் கிறீஸும் மட்டுமே செலவு. தாமதித்தால் மூட்டையே மாற்ற வேண்டும். மூட்டு முற்றாக உடைந்தால் கார் நடுவீதியில் நின்றுவிடும்.

இனங்காணல்

1. வெறுமையான இடத்தில் சுக்கானை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி, மெதுவாக ஆர்முடுக்கவும். மறுபக்கமும் இவ்வாறே செய்யவும். "டக் டக்" என்ற ஒலி எழுந்தால் வெளிப்புற மூட்டுத் தேய்ந்துள்ளது.
2. நேராகச் செல்லும்போது ஆர்முடுக்கினால் அதிர்வு ஏற்படுமாயின் உட்புற மூட்டைச் சந்தேகிக்கலாம்.
3. வேகத்துடன் கூடும் தொடர்ச்சியான இரைச்சல் பெரும்பாலும் சில்லுப் போதிகையின் பழுதாகும். இதனை மூட்டின் பழுதெனக் கருதி மூட்டை மாற்றுவது வீண் செலவாகும்.
4. உறையில் வெடிப்பும் சில்லின் உட்புறத்தில் தெறித்த கிறீஸும் உள்ளனவா எனப் பார்க்கவும்.

வெளிப்புற மூட்டை மாற்றும் படிமுறை

1. சில்லு நிலத்தில் இருக்கும்போதே தண்டின் நடுச் சுரையைத் தளர்த்தவும்.
2. காரை ஜாக்கால் உயர்த்தி, உறுதியான ஸ்ராண்டின் மீது நிறுத்திச் சில்லைக் கழற்றவும். ஜாக்கை மட்டும் நம்பிக் காரின் கீழ் செல்லக்கூடாது.
3. கீழ்ப் பந்து மூட்டைப் பிரித்து, தண்டைச் சில்லுக் குடத்திலிருந்து வெளியே எடுக்கவும்.
4. உறையின் பட்டிகளை வெட்டி, பழைய மூட்டைத் தண்டிலிருந்து தட்டிக் கழற்றவும்.
5. தண்டைச் சுத்தஞ் செய்து, புதிய உறையை முதலில் தண்டில் ஏற்றவும். மூட்டைப் பொருத்திய பின் உறையை ஏற்ற முடியாது.
6. புதிய பூட்டு வளையத்தையிட்டு, மூட்டு பூட்டிக்கொள்ளும் வரை தட்டிப் பொருத்தவும்.
7. மூட்டுடன் தரப்படும் மொலிப்டினம் கலந்த கிறீஸை முழுவதும் நிரப்பி, பட்டிகளை இறுக்கவும்.
8. கழற்றியவற்றை மீளப் பொருத்தி, புதிய நடுச் சுரையை உற்பத்தியாளர் குறிப்பிட்ட முறுக்குத் திருப்பத்துக்கு முறுக்குச் சாவியால் இறுக்கவும்.

மாதிரி வினா

திரும்பும்போது மட்டும் ஒலி எழுவது ஏன்?

விடை: சில்லு திரும்பும்போது மூட்டின் கோணம் அதிகரிக்கும். அப்போது குண்டுகள் தவாளிப்பில் கூடிய தூரம் அசைந்து, தேய்ந்த குழிகளில் விழுந்தெழுவதால் ஒலி உண்டாகின்றது.

குறிப்பு: விடையில் "மூட்டுப் பழுது" என மட்டும் எழுதாது, உறை கிழிதல், கிறீஸ் வெளியேறல், தேய்வு, ஒலி என்ற ஒழுங்கில் காரணத்தை விளக்குக.