குப்பைக்கும் வருது பில்!

நேற்று உங்கள் அடுக்களையிலிருந்து எவ்வளவு குப்பை வெளியே போனது? 'அதையெல்லாம் யாருங்க எடை போட்டுப் பார்க்கிறாங்க?' என்கிறீர்களா... தென் கொரியாவின் தலைநகர் சியோலில் பார்க்கிறார்கள்!

அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலில் ஒரு மெஷின் நிற்கும். மீந்துபோன சாதம், காய்கறித் தோல் என்று எடுத்துப் போகிறவர், தன் வீட்டு அட்டையைக் காட்டினால் மூடி தானாகத் திறக்கும். அட்டைக்குள் இருக்கும் குட்டி 'சிப்', 'இது இன்னார் வீடு' என்று சொல்லிவிடும். கொட்டியதும் எடை எவ்வளவு என்று திரையில் தெரியும். கணக்கு கம்ப்யூட்டருக்குப் போய், மாதாந்தர பில்லில் ஏறிவிடும்.

ஏன் இத்தனை கெடுபிடி? உணவுக் கழிவை அப்படியே மண்ணில் புதைக்க 2005-ல் அங்கே தடை வந்தது. அதிலிருந்து வடியும் நீரைக் கடலில் கொட்டவும் 2013-ல் தடை. அதே ஆண்டுதான், 'எவ்வளவு போடுகிறீர்களோ, அவ்வளவு கட்டுங்கள்' என்ற முறையும் வந்தது. உணவுக் கழிவில் பெரும்பங்கு தண்ணீர்தான். தண்ணீருக்கு எதற்குக் காசு கொடுப்பது என்று, நன்றாக வடித்துவிட்டுத்தான் கொண்டுபோகிறார்கள். இன்று அங்கே உணவுக் கழிவில் 90 சதவிகிதத்துக்கும் மேல் உரமாக, கால்நடைத் தீவனமாக, எரிவாயுவாக மாறுகிறது.

ஈரம்தான் வில்லன்!

காசு ஒருபுறம் இருக்கட்டும், ஆரோக்கியத்துக்கு வருவோம். ஈரக் குப்பையில் ஈ இட்ட முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும். நம் ஊர் வெயிலுக்கு ஏழு முதல் பத்து நாளில் முழு ஈயாகிப் பறக்கும். வயிற்றுப்போக்கு, சீதபேதி, டைஃபாய்டு கிருமிகளைக் காலில் ஒட்டிக்கொண்டு உங்கள் சாப்பாட்டுத் தட்டில் வந்து உட்காரும். எலி வந்தால், அதன் சிறுநீரால் எலிக் காய்ச்சல் வேறு!

தெருத் தொட்டி நிரம்பி வழியாமல் இருக்கவும் கருவி உண்டு. மூடியின் உட்புறம் பொருத்திய சென்ஸார், வௌவால் மாதிரி ஒலி அலையை அனுப்பி, குப்பை எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று அளந்து அலுவலகத்துக்குச் சொல்லும். எந்த லாரி எங்கே நிற்கிறது என்று ஜி.பி.எஸ். காட்டும். நிரம்பிய தொட்டிக்கு லாரியை முதலில் அனுப்பலாம்.

ஆனால் ஒன்று... உள்ளே இருப்பது சாம்பார் சாதமா, உடைந்த கண்ணாடியா என்று அந்த சென்ஸாருக்குத் தெரியாது. அதில் கை வைக்கிற தொழிலாளிக்குத்தான் தெரியும், அதுவும் கீறிய பிறகு!

மெஷின் இல்லாமலே நீங்கள் செய்யக்கூடியவை:

* காய்கறிக் கழிவை ஓட்டைத் தட்டில் வைத்து, நீர் வடிந்த பிறகு வாளியில் போடுங்கள்.

* ஈரக் குப்பை, உலர் குப்பை இரண்டையும் கலக்காதீர்கள்.

* பிளேடு, கண்ணாடிச் சில்லைக் கெட்டிக் காகிதத்தில் சுற்றி, மேலே எழுதித் தனியாகக் கொடுங்கள். நாப்கினையும் சுற்றித் தனியாகவே கொடுங்கள். இன்சுலின் ஊசியைக் கெட்டியான டப்பாவில் போட்டு மூடிக் கொடுங்கள்.

* வாளிக்கு மூடி அவசியம். தினமும் காலி செய்து, கழுவிக் காய வையுங்கள்.

ஒரு வாரம், காய்கறித் தராசில் உங்கள் ஈரக் குப்பையை நிறுத்துத்தான் பாருங்களேன்... அடுத்த வாரம் அரிசி களைகிறபோதே அளவு குறையும்!