மண்ணுக்கு எடை தருவது எது? ஈய அணுக்கருக்களின் மோதல் சொல்லும் விடை

எப்போதும்வென்றான் கரிசல் காட்டில் ஒரு மண்கட்டியை எடுத்துத் தராசில் வைத்தால் தட்டு தாழ்கிறது. அந்த எடை மண்ணுக்கு எங்கிருந்து வந்தது? மண் அணுக்களால் ஆனது. அணுவின் எடை ஏறக்குறைய முழுவதும் அதன் கருவிலுள்ள புரோட்டான்களிலும் நியூட்ரான்களிலும் இருக்கிறது. அவை குவார்க் எனும் நுண்துகள்களால் ஆனவை. ஒரு புரோட்டானில் உள்ள மூன்று குவார்க்குகளின் சொந்த எடையைக் கூட்டினால், புரோட்டானின் எடையில் நூற்றில் ஒரு பங்குதான் தேறும். மிச்சமெல்லாம் குவார்க்குகளின் ஓயாத ஓட்டமும் அவற்றைக் கட்டிவைத்திருக்கும் குளுவான்களின் ஆற்றலும்தான். கனமான அணுக்கருக்களை மோதவிட்டு அந்தக் கட்டை அவிழ்த்துப் பார்க்கும் முயற்சியே கன அயனி மோதல் ஆய்வு. அதில் இந்தியாவின் உழைப்பு முப்பது ஆண்டுகளைத் தாண்டியது.

தனியே பிரியாத குவார்க்

குவார்க் என்ற கருத்தை 1964இல் மர்ரே கெல்மானும் ஜார்ஜ் ஸ்வைக்கும் தனித்தனியே முன்வைத்தார்கள். குளுவான் இருப்பதற்கான சான்று 1979இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலுள்ள டெசி ஆய்வகத்தில் கிடைத்தது. ஆனால் இன்றுவரை எவரும் ஒற்றைக் குவார்க்கைத் தனியே பிரித்தெடுத்ததில்லை. இரண்டு குவார்க்குகளை விலக்க விலக்க, அவற்றுக்கிடையே ஆற்றல் ஏறிக்கொண்டே போகிறது. ஓர் எல்லைக்கு மேல் அந்த ஆற்றலே புதிய குவார்க் இணையாக மாறி, பழையவற்றோடு சேர்ந்துவிடுகிறது.

நெருங்கினால் நிலைமை தலைகீழ். மிக அருகில் வரும்போது குவார்க்குகளுக்கிடையிலான விசை தளர்கிறது என்று 1973இல் கிராஸ், வில்செக், பொலிட்சர் ஆகிய மூவரும் காட்டினார்கள். 2004இல் நோபல் பரிசும் பெற்றார்கள். அப்படியானால் அணுக்கருவைப் போதிய அளவு நெருக்கிச் சூடேற்றினால் குவார்க்குகள் விடுபட வேண்டும். கோவில்பட்டிக் கடலைமிட்டாயைச் சூடாக்கினால் பாகு இளகிப் பருப்புகள் நகரத் தொடங்குகின்றன. ஆறினால் மீண்டும் இறுகிவிடுகிறது. அணுக்கருவுக்குள் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். ஒரே வேறுபாடு, கடலைமிட்டாயில் எடையெல்லாம் பெரும்பாலும் பருப்பில் இருக்கும். புரோட்டானிலோ பாகில் இருக்கிறது.

இளகிய அந்த நிலைக்குக் குவார்க் குளுவான் பிளாஸ்மா என்று பெயர். அதற்கு வேண்டிய வெப்பம் சுமார் 1.8 லட்சம் கோடி டிகிரி. சூரியனின் மையத்திலேயே 1.5 கோடி டிகிரிதான். பேரண்டம் பிறந்து முதல் சில மைக்ரோ நொடிகளுக்கு எல்லாப் பொருளும் இந்த நிலையில்தான் இருந்தது.

மோதலில் கண்டது என்ன?

ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வகத்தில், பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மோதுவியில், அது இயங்கும் ஆண்டுகளில் சில வாரங்கள் ஈய அணுக்கருக்களை மோதவிடுகிறார்கள். ஓர் ஈய அணுக்கருவில் 82 புரோட்டான்கள், 126 நியூட்ரான்கள். எலெக்ட்ரான்கள் நீக்கப்பட்ட அணுக்கருக்கள் எதிரெதிர்த் திசைகளில் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் வந்து மோதும்போது பிளாஸ்மா பிறக்கிறது. எந்தக் கடிகாரத்துக்கும் எட்டாத நேரத்தில் ஆறி, ஆயிரக்கணக்கான துகள்களாகச் சிதறுகிறது. அங்கே ஈய மோதல்கள் 2010 நவம்பரில் தொடங்கின. பிளாஸ்மாவை நேரில் பார்க்க முடியாது; சிதறி வரும் துகள்களை எண்ணி, அளந்து, பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

மூன்று தடயங்கள் முக்கியமானவை. வழக்கத்தைவிட அதிகமாகப் பிறக்கும் ‘ஸ்ட்ரேஞ்ச்’ வகைக் குவார்க் கொண்ட துகள்கள் முதலாவது. பிளாஸ்மாவின் வெப்பத்தில் ‘ஜே/சை’ துகள் நிலைக்காமல் குலைந்துபோகும் என்று 1986இல் மட்சுயியும் சாட்ஸும் கணித்தது இரண்டாவது. பிளாஸ்மாவை ஊடுருவி வரும் துகள் தாரைகள் வழியில் ஆற்றலை இழந்து மெலிவது மூன்றாவது.

பெரிய வியப்பு அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் காத்திருந்தது. அங்கே 2000 முதல் தங்க அணுக்கருக்களை மோதவிட்டார்கள். பிளாஸ்மா வாயுபோல் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பது பலரின் எதிர்பார்ப்பு. ஆனால் மோதல் மையம் விலகி நடந்தபோது, துகள்கள் ஒரு திசையில் கூடுதலாகவும் மற்றதில் குறைவாகவும் ஒன்றுசேர்ந்து பாய்ந்தன. அது திரவத்தின் குணம். அதுவும் உள்ளுராய்வு மிக மிகக் குறைந்த திரவம் என்று 2005இல் அறிவித்தார்கள்.

இந்தியக் கைகள் செய்த கருவிகள்

மோதலில் வெளிவரும் ஃபோட்டான் எனும் ஒளித்துகள்களை எண்ணி, அவை எந்தப் பக்கம் அதிகம் பாய்கின்றன என்று காட்டும் உணர்கருவியைக் கொல்கத்தாவின் மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையம் முன்னின்று உருவாக்கியது. புவனேஸ்வர் இயற்பியல் நிறுவனமும் ஜம்மு, ராஜஸ்தான், பஞ்சாப் பல்கலைக்கழகங்களும் கைகோத்தன. 1990களில் செர்னின் பழைய மோதல் சோதனைகளில் தொடங்கிய இக்கருவி, பிறகு புரூக்ஹேவனின் ‘ஸ்டார்’ சோதனைக்கும் செர்னின் ‘ஆலிஸ்’ சோதனைக்கும் சென்றது. இந்த முயற்சிக்குத் தலைமை தந்தவர்களில் ஒருவர் 2023இல் மறைந்த பிகாஷ் சின்ஹா.

‘ஜே/சை’ துகள் சிதையும்போது வரும் மியூவான் எனும் துகள்களைத் தேடும் ஆலிஸ் பகுதிக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்தடங்கள் உண்டு. அவற்றின் சமிக்ஞையைப் படித்த ‘மானஸ்’ சில்லைச் சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனம் வடிவமைத்தது. அது இந்தியாவிலேயே தயாரானது. 2017 ஜனவரியில் இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடானது.

நம் மாணவர்களுக்கு வழி உண்டா?

உண்டு. குவார்க், குளுவான் கோட்பாட்டில் உலகம் மதித்த ஜி. ராஜசேகரன் கமுதியில் 1936இல் பிறந்தவர். கரிசல் பூமிக்கு அந்நியரல்ல. அவர் பணியாற்றிய சென்னைத் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் இந்தக் கோட்பாட்டு ஆய்வு இன்றும் நடக்கிறது. சென்னை ஐஐடி செர்னின் ‘சிஎம்எஸ்’ சோதனையில் பங்கேற்கிறது. இயற்பியலில் இளங்கலை முடித்தவர் ‘ஜாம்’ தேர்வு எழுதி முதுகலைக்குப் போகலாம். ஆராய்ச்சிக்கு ‘ஜெஸ்ட்’ தேர்வு இருக்கிறது.

அதுவரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. 2014 முதல் செர்ன் தன் சோதனைத் தரவுகளை இணையத்தில் எவருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. பள்ளி மாணவர்களுக்கென்று ஆலிஸ் தயாரித்த பயிற்சியில், உண்மையான மோதல் படங்களில் ‘ஸ்ட்ரேஞ்ச்’ துகள்களைத் தேடிப் பார்க்கலாம். கணினியும் இணையமும் ஓர் ஆர்வமுள்ள ஆசிரியரும் இருந்தால் போதும். கோவில்பட்டி, எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் வட்டாரப் பள்ளிகளும் கல்லூரிகளும் ஆண்டுக்கு ஒரு நாளை இதற்கு ஒதுக்க வேண்டும். இயற்பியல் ஆசிரியர்களே, வரும் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள்.