மின்வண்டிக்கு வீட்டில் ஊட்டம்

வங்கக் கடலோரத்தில் ஒல்லாந்தரின் பழங்கோட்டையோடு விளங்குவது சதுரங்கப்பட்டினம். அதனை அடுத்த கல்பாக்கத்தில் 1983 ஆம் ஆண்டு அணு உலை இயங்கத் தொடங்கியது. எனினும் அங்கே பிறக்கும் மின்சாரம் நேரே இவ்வூர் வீடுகளுக்கு வருவதன்று. பொது மின்வலையிற் கலந்த பின்னரே எவ்வூருக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. ஆகவே, மின்வண்டிக்கு வீட்டில் ஊட்டம் அளிக்க விரும்பும் இவ்வூரார், பிற ஊரார் செய்வன யாவும் செய்தல் வேண்டும். கடற்காற்றின் பொருட்டுச் சில மிகையாகவும் செய்தல் வேண்டும்.

மூன்று யூனிட்டுக் கொள்ளும் இருசக்கர வண்டியின் மின்கலத்திற்கு நான்கு ஆம்பியருக்கு உட்பட்ட மின்னோட்டமே போதும். காரின் நிலை வேறு. முப்பது யூனிட்டுக் கொள்ளும் மின்கலத்தை 15 ஆம்பியர் சாக்கெட்டின் வழியே நிரப்பப் பத்து மணி நேரம் ஆகும். சுவரிற் பொருத்தும் 32 ஆம்பியர் பெட்டி இதனைப் பாதி நேரத்திற் செய்துவிடும். ஆயினும், நாள்தோறும் திருக்கழுக்குன்றம் சென்று மீளும் குடும்பத்திற்குச் செலவாவது நான்கைந்து யூனிட்டே. அதனைச் சாக்கெட்டே இரண்டு மணி நேரத்தில் ஈடுசெய்யும். பெரிய பெட்டிக்குப் பணம் இறைப்பது அத்தகையோர்க்கு வீண்செலவு.

மிக்சியும் இஸ்திரிப் பெட்டியும் சிறிது நேரமே இயங்குவன. காரோ மணிக்கணக்காக ஒரே சீராக மின்னோட்டத்தை ஈர்க்கும். உப்புக்காற்றுப் பட்ட சாக்கெட்டின் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். பிளக்கைப் பற்றும் பிடி தளரும். அவ்விடத்தில் மின்தடை பெருகும். பத்தில் ஒரு பங்கு ஓம் தடை ஏற்பட்டாலே போதும். 15 ஆம்பியர் பாயும்போது அங்கே 22 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகும். வானொலி பழுது பார்ப்போர் ஈயம் உருக்கும் சிறு கருவியின் ஆற்றலும் ஏறக்குறைய இவ்வளவே. அக்கருவியைச் சுவரினுள் வைத்துவிட்டு உறங்கச் செல்வார் உண்டோ? இத்தீங்கை எம்.சி.பி. அறியாது, பாயும் மின்னோட்டம் அளவு மீறவில்லை அன்றோ! மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவியும் அறியாது. மின்சாரம் எங்கும் கசியவில்லை. ஆதலால் ஊட்டம் தொடங்கி அரைமணி கழித்து, வீட்டுப் பெரியவர் ஒருவர் பிளக்கின் மேற்புறத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தல் நன்று. சூடு மிகுந்திருந்தால் மெயின் சுவிட்சை நிறுத்திச் சாக்கெட்டை மாற்றுவிக்க வேண்டும்.

உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே வேலையைச் செய்வித்தல் வேண்டும். மீட்டர்ப் பலகையிலிருந்து இடையில் ஒட்டில்லாத 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி தனியே வருதல் வேண்டும். 30 மில்லியம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் கருவியும் அவ்வழியில் அமைதல் வேண்டும். நீட்டிப்புக் கம்பி அறவே ஆகாது. இரும்புக் கூடு இக்கரையில் துருவேறும். மூடியுள்ள பிளாஸ்டிக் கூடே தக்கது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகே கரை கடந்ததை நினைந்தால், சாரல் படாத சுவரில் நான்கடி உயரத்திற் சாக்கெட்டை வைப்பதன் காரணம் விளங்கும்.

எர்த் என்று வழங்கும் நிலத்தொடர்பே இங்குக் கடினமானது. கோடையில் மேல்மணல் விரைவில் உலரும். உலர்ந்த மணல் மின்சாரத்தை எளிதிற் கடத்தாது. ஆகவே ஈரம் வற்றாத ஆழம் வரை குழாயை இறக்கி, வேனிலில் நீர் ஊற்றி வருவர். அங்கும் உப்பு இரும்பை அரிக்குமாதலின், ஆண்டுதோறும் நிலத்தடையை அளப்பித்தல் இன்றியமையாதது.

2022 ஜனவரியில் மத்திய மின்துறை அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறைகள், வீட்டில் உள்ள இணைப்பிலேயே வண்டிக்கு ஊட்டம் அளிக்க இடந்தந்தன. ஆயினும் காரும் குளிர்சாதனப் பெட்டியும் சேர்ந்து அனுமதிக்கப்பட்ட மின்சுமையை மிஞ்சுமானால், மின்பகிர்மானக் கழகத்திற்கு முன்னரே விண்ணப்பித்து அச்சுமையை உயர்த்திக்கொள்ளுதல் வேண்டும்.