தலைமையும் உள்ளடக்கிய கல்வியும்

நான் முன்னர்ப் பணியாற்றிய அரபுக் கல்லூரி ஒன்றில் பார்வையற்ற மாணவர் ஒருவர் பயின்றார். திருக்குர்ஆன் மனனத்தில் அவருக்கே முதலிடம். ஆயினும் எழுத்துத் தேர்வில் ஈராண்டுகள் தேறவில்லை. அடுத்துப் பொறுப்பேற்ற முதல்வர் அவருக்கு வாய்மொழித் தேர்வு வைத்தார்; தேறிவிட்டார். பாடமும் ஆசிரியர்களும் மாறவில்லை.

மாற்றுத்திறனுடைய சிறாரை ஏனைய மாணவரோடு ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிப்பதே உள்ளடக்கிய கல்வி எனப்படுகிறது. அரசு நிதியோ ஏற்போ பெற்ற கல்வி நிலையங்கள் இவர்களைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டுமென 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் விதிக்கிறது. ஆனால் சேர்ந்த பின் வகுப்பு மாடியிலா தரைத்தளத்திலா, எந்த ஆசிரியரிடம் என்பதெல்லாம் தலைமையாசிரியரின் முடிவுகள். பள்ளிக்குள் மாணவரின் கற்றலைப் பாதிக்கும் காரணிகளுள், வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடம் தலைமைக்கு உண்டு என்று கென்னத் லீத்வுட் முதலிய அறிஞர்களின் 2004ஆம் ஆண்டு ஆய்வறிக்கை கூறிற்று. அதன் தாக்கம் பெரிதும் ஆசிரியர் வாயிலாகவே மாணவரை எட்டுகிறது என்பதையும் அது சுட்டியது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஓஹெர்ன் தொடக்கப்பள்ளிக்கு 1989 முதல் 2009 வரை தலைமை வகித்த வில்லியம் ஹெண்டர்சன், பார்வையைப் படிப்படியாக இழந்தவர். அங்கு மாணவருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் மாற்றுத்திறனாளிகள். அவர்களைத் தனியறைக்கு அனுப்பாமல், பொது ஆசிரியரும் சிறப்பாசிரியரும் ஒரே வகுப்பில் இணைந்து கற்பித்தனர். கேட்க எளிது, இருவரும் கலந்து பாடம் திட்டமிடக் கால அட்டவணையில் இடம் ஒதுக்கினாலன்றி இது நடவாது. விடுப்பில் சென்றவரின் வகுப்பை நிரப்பச் சிறப்பாசிரியரை அனுப்பும் தலைமையாசிரியர், தாம் அறியாமலே அன்றைய கல்வியை அக்குழந்தைக்கு மறுத்துவிடுகிறார். ஹெண்டர்சன் ஓய்வு பெற்றபின் அப்பள்ளி அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

தமிழகத்தில் நிலை வேறு. இங்கு அரசுப் பள்ளிகளுக்கான சிறப்பாசிரியர் பெரும்பாலும் வட்டார வள மையத்திலிருந்து பல பள்ளிகளுக்குச் சென்று வருபவர். அவர் வாராத நாள்களில் அக்குழந்தை வகுப்பாசிரியரின் மாணவரா, வெறும் வருகைப் பதிவேட்டுப் பெயரா? அதை வகுப்பாசிரியரிடம் அன்றாடம் கேட்டறிய வேண்டியவர் தலைமையாசிரியரே. பதிவேட்டில் கையொப்பமிடும் வேளையில், அந்தப் பெயருக்குரிய குழந்தை நேற்று என்ன கற்றது என்று கேட்பதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.