ஆட்டுக்கு என்னாச்சு? கண்ணுல தெரிஞ்ச கோளாறு, வயித்துல இருந்த காரணம்

வழக்கமா நம்ம எபிசோடுல சர்வர் ஏன் படுத்துச்சு, ஆப் ஏன் ஸ்லோவா இருக்குன்னு பேசுவோம். இன்னிக்கு ஒரு ஆடு ஏன் படுத்துச்சுன்னு பேசப் போறோம். வாசல்லயும் மொட்டை மாடியிலயும் ஆடு கட்டியிருக்கிற தெருக்கள் நம்ம ஊர்ல நிறைய இருக்கு. உங்க வீட்டுல இல்லன்னாலும் பாட்டி வீட்டுல இருக்கலாம்.

முதல்ல ஒரு விஷயம். ஆட்டோட நோயைக் கண்டுபிடிக்கிறது ஏன் கஷ்டம்? ஆடு, வேட்டையாடப்படுற விலங்கு. கூட்டத்துல பலவீனமா தெரியுற ஆட்டைத்தான் ஓநாய் முதல்ல குறிவைக்கும். அதனால உடம்பு முடியலன்னா, கடைசி வரைக்கும் மறைக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியும்போது நோய் பாதி தூரம் போயிருக்கும்.

ஆவடி பக்கம் எங்க சித்தி வீட்டுல மல்லின்னு ஒரு பெட்டை ஆடு. ரெண்டு வயசு, சுமார் 25 கிலோ. குட்டியிலேர்ந்து வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்ந்தது. ஆடி மாசக் கடைசியில ஒரு நாள் தழையைத் தொடல. மறுநாள் காலையில சுவத்துல தலையை முட்டிக்கிட்டு நிக்குது. திருப்பி விட்டா தலையை அண்ணாந்து வானத்தைப் பார்க்குது. தண்ணித் தொட்டி எதிர்லயே இருக்கு, அதுக்குத் தெரியல. காது துடிச்சுக்கிட்டே இருக்கு.

தெருவுல ஆளுக்கு ஒரு தீர்ப்பு. கண்ணு பட்டுடுச்சுன்னு ஒருத்தர், பூச்சி கடிச்சிருக்கும்னு இன்னொருத்தர். "கண்ணு போன ஆடு இனிமே தேறாதும்மா, விழுறதுக்குள்ள கறிக்கடைக்குக் குடுத்துடுங்க"ன்னு ஒருத்தர் விலையே பேச ஆரம்பிச்சிட்டார். சித்தி எனக்கு வீடியோ கால் பண்ணி, "ஏதாவது செய்யேன்ப்பா"ன்னு அழுதாங்க. நான் பக்கத்து ஊர் கால்நடை மருத்துவரைப் பிடிச்சேன். அவர் வர ஒரு மணி நேரம் ஆகும்னார். அதுவரைக்கும் வாயில எதையும் ஊத்தக் கூடாதுன்னு முதல் வேலையா சொன்னார். விழுங்க முடியாத ஆட்டுக்கு எண்ணெயோ கஷாயமோ ஊத்தினா அது நுரையீரலுக்குப் போயிடும். அப்புறம் வரிசையா கேள்வி கேட்டார். ஒரு பக்கைத் துரத்துறவன் லாக் பார்க்கிற மாதிரியே இருந்துச்சு.

முதல் கேள்வி, நாய் கடிச்சுதா? வெறிநோய் ஆட்டுக்கும் வரும், நடத்தையும் இப்படி மாறலாம். சந்தேகம் இருந்தா வாய்ப்பக்கம் கையே கொண்டு போகக் கூடாது. மல்லி கொட்டிலை விட்டு வெளியே போனதில்ல, கடிச்ச காயமும் இல்ல.

ரெண்டாவது, காய்ச்சல் உண்டா? ஆட்டுக்கு ஆசனவாயில தெர்மாமீட்டர் வெச்சுப் பார்க்கணும். 101.5 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் சாதாரணம். நம்ம கணக்குல அது காய்ச்சல், அதோட கணக்குல இல்ல. மல்லிக்கு 102.4.

மூணாவது, கீழ் இமைக்குள்ள என்ன நிறம்? சிவப்பா, அடர் ரோஸா இருந்தா நல்லது. வெளுத்திருந்தா ரத்தசோகை, பெரும்பாலும் ரத்தம் உறிஞ்சுற குடற்புழுவால. மல்லிக்கு நல்ல ரோஸ்.

நாலாவது, வயிறு அசையுதா? இடது பக்கம், விலா முடியுற இடத்துக்குப் பின்னாடி ஒரு குழி இருக்கும். அங்க முஷ்டியை வெச்சா, நிமிஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை உள்ளேயிருந்து அலை மாதிரி தள்ளும். மல்லிக்கு ரெண்டு நிமிஷம் வெச்சும் ஒண்ணுதான் வந்துச்சு.

அஞ்சாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கண்ணு முன்னாடி, காத்து படாம, கையைச் சட்டுனு கொண்டு வரணும். மல்லி இமைக்கவே இல்ல. அப்புறம் இருட்டுல போன் டார்ச்சை அடிக்கணும். பாப்பா சுருங்குச்சு! அப்படின்னா கேமரா நல்லா வேலை செய்யுது. படத்தைப் புரிஞ்சுக்கிற இடத்துல, அதாவது மூளையோட மேற்பகுதியில கோளாறு.

"ஒரு மாசமா என்ன சாப்பிட்டுது?"ன்னு கடைசியா கேட்டார். ஆடி மாசம்! தெருவுக்குத் தெரு அம்மன் கோயில்ல கூழ் ஊத்துறாங்க. மிச்சக் கூழ், சர்க்கரைப் பொங்கல், சோறுன்னு அக்கம்பக்கத்துல எல்லாரும் பாசமா மல்லிக்குக் கொண்டு வந்து வெச்சிருக்காங்க. தழை குறைஞ்சு போச்சு.

இங்கதான் வயிறும் மூளையும் இணையுது. ஆட்டோட முதல் வயிறு, ரூமென், ஒரு பெரிய நொதிக்கிற தொட்டி. அதுல வாழுற நுண்ணுயிரிகள் தழையைச் செரிக்க வைக்கும். கூடவே பி வைட்டமின்களையும் தயாரிச்சுக் குடுக்கும். அதனால ஆரோக்கியமான, வளர்ந்த ஆட்டுக்கு தயமின், அதாவது வைட்டமின் பி1, தனியா தர வேண்டியதே இல்ல. மாவுச்சத்து அளவுக்கு மீறிப் போனா தொட்டி புளிச்சுடும். நல்ல நுண்ணுயிரிகள் குறையும், தயமினை உடைக்கிற நொதியைச் சுரக்கிற பாக்டீரியா பெருகும். மூளைக்கு குளுக்கோஸ்தான் எரிபொருள், அதை எரிக்க தயமின் வேணும். தயமின் தீர்ந்தா மூளைச் செல்கள் வீங்கிச் சாக ஆரம்பிக்கும். மனுஷங்களுக்கு இதே வைட்டமின் குறைஞ்சா வர்றது பெரிபெரி.

இந்த நோய்க்கு போலியோஎன்செஃபலோமலேசியான்னு பேர். போலியோ வைரஸுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. கிரேக்கத்துல போலியோன்னா சாம்பல் நிறம், இங்க மூளையோட சாம்பல் நிறப் பகுதியைக் குறிக்குது. ஒட்டுவாரொட்டியும் இல்ல.

மருத்துவர் வந்ததும் லேப் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கல. கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்குல தயமின் ஊசி, முதல்ல நரம்புல மெதுவா. அப்புறம் சில மணி நேரத்துக்கு ஒருமுறை தசையில. லிஸ்டீரியான்னு ஒரு பாக்டீரியாவும் மூளையைத் தாக்கி கிட்டத்தட்ட இப்படியே காட்டும். அதுல பெரும்பாலும் முகத்துல ஒரு பக்கம் தொங்கும், ஆடு ஒரே பக்கமா சுத்தும். மல்லிக்கு அது இல்ல, ஆனாலும் அவர் ஒரு ஆன்டிபயாடிக்கும் போட்டார். தாமதிச்சு, ஆடு விழுந்து வலிப்பு வந்த பிறகு ஊசி போட்டா, செத்த மூளைச் செல் திரும்ப வராது. சீக்கிரம் போட்டா பெரும்பாலும் ஒரு நாளைக்குள்ள தெளிவு தெரியும். ஊசிக்கு உடம்பு கேட்குதான்னு பார்க்கிறதும் நோயை உறுதிப்படுத்துற ஒரு வழி.

அன்னிக்கு ராத்திரி மல்லி அகத்திக் கீரையை மோந்து பார்த்து ரெண்டு வாய் தின்னுச்சு. பார்வை முழுசா திரும்ப அஞ்சு நாள் ஆச்சு. விலை பேசினவர் இப்பவும் அந்தப் பக்கம் போகும்போது அதைத் தடவிக் குடுத்துட்டுத்தான் போறாராம்.

நீங்க ஆடு வளர்த்தா, இப்போ, அது நல்லா இருக்கும்போதே மூணு விஷயத்தைக் குறிச்சு வையுங்க: அதோட சாதாரண வெப்பநிலை, இமையோட நிறம், வயித்து அசைவு. நல்ல நாள் அளவு தெரிஞ்சாத்தான் கெட்ட நாள்ல வித்தியாசம் தெரியும். தீவனத்தை மாத்தணும்னா ரெண்டு வாரம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. விசேஷ நாள்ல வர்ற சோறு, கூழ், பிரியாணி எதுவா இருந்தாலும், வாசல்ல ஒரு அட்டையில "ஆட்டுக்குத் தழை மட்டும்"னு எழுதி மாட்டுங்க. தமிழ்நாட்டுல கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. இந்த நம்பரை போன்ல இப்பவே சேவ் பண்ணிடுங்க. சந்தேகம் வந்தா மறுநாள் பார்க்கலாம்னு விடாம, அன்னிக்கே கூப்பிடுங்க.