வெள்ளிக்கிழமைச் சோதனை

ஊரில் ஒருவன் தவறணைப் பக்கம் போனால், அவன் வீடு திரும்புமுன் செய்தி வீட்டுக்குப் போய்விடும். மாமன் காண்பார், வாத்தியார் காண்பார், சுவாமியாரின் காதுக்கும் எட்டும். அந்தக் கண்களுக்குப் பயந்தே எத்தனையோ பேர் குடியாமல் இருந்தார்கள். புலம்பெயர்ந்து வந்த இடத்தில் அந்தக் கண்கள் இல்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிகிறது, சம்பளம் வருகிறது, அறையில் நாலு பேர். போத்தல் தானாக மேசைக்கு வந்துவிடும். பிறகு குடும்பம் வந்து சேர்ந்தாலும் பழக்கம் போவதில்லை. அப்போது அந்த மேசையைப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பக்டரியில் என்னோடு நிற்கிறவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. “மனம் வைத்தால் விடலாம்” என்று சொல்லாதவர் இல்லை. தபசு காலம் முழுக்கத் தொடாமல் இருந்துவிட்டு, உயிர்த்த ஞாயிறு அன்றே எல்லாவற்றையும் சேர்த்துக் குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். மனவுறுதியை மட்டும் நம்பினால் இப்படித்தான் முடியும் என்பது என் எண்ணம்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம், 10ஆம் அதிகாரம், 13ஆம் வசனத்தை எடுத்து வாசியுங்கள். சோதனை வராது என்று அவர் எழுதவில்லை. சோதனையோடு கூடவே தப்பிப் போகும் வழியையும் கடவுள் ஆயத்தப்படுத்துவார் என்கிறார். வழி இருந்தால் நாங்கள்தான் அதில் நடக்கவேண்டும். போத்திபாரின் மனைவி பிடித்தபோது யோசேப்பு அங்கியை விட்டுவிட்டு ஓடினான். தன் பலத்தைக் காட்ட அங்கே நிற்கவில்லை.

இதற்கு உண்மையில் நடந்த ஒரு சம்பவம் உண்டு. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் அக்ரன் என்ற நகரம். பில் வில்சன் என்ற நியூயோர்க்காரர் வியாபார அலுவலாக வந்து, அது சரிவராமல் ஹோட்டலில் தனியே நிற்கிறார். பெரிய குடிகாரராக இருந்து, குடியை விட்டு ஐந்து மாதம்தான். மண்டபத்தின் ஒரு பக்கத்தில் மதுச்சாலை, உள்ளே சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கத்தில் ரெலிபோனும் அந்த ஊர்த் தேவாலயங்களின் பெயர்ப் பட்டியலும். அவர் ரெலிபோன் பக்கம் போனார். ஒரு போதகரைக் கூப்பிட்டு, தன்னைப்போலக் குடியால் அல்லற்படும் ஒருவரோடு பேசவேண்டும் என்று கேட்டார். அப்படிச் சந்தித்தவர்தான் டாக்குத்தர் பொப் ஸ்மித். கால் மணித்தியாலம் மட்டும் இருப்பேன் என்று வந்தவர் மணிக்கணக்காகப் பேசினார். ஸ்மித் பின்னர் ஒருதடவை விழுந்தார். ஆனால் 1935 யூன் 10க்குப் பிறகு 1950இல் சாகும்வரை குடிக்கவில்லை. ‘அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்’ என்ற அமைப்பு அப்படித்தான் தொடங்கியது. தன்னால் இயலாது என்று ஒத்துக்கொள்வதுதான் அங்கே முதற்படி.

கத்தோலிக்கர் வரப்பிரசாதம் என்பார்கள், மற்றச் சபையார் கிருபை என்பார்கள். வில்சனுக்கு அது ஒரு ரெலிபோன் வழியாக வந்தது. எங்களோடு வேலை செய்யும் ஒரு அண்ணைக்கு பஸ் வழியாக வந்தது என்று சொல்லலாம். சம்பள நாளில் மதுக்கடைக்கு இரண்டு தரிப்புகள் முன்னமே இறங்கி, வேறு தெருவால் நடந்து போவார். சம்பளத்தையும் மனைவியின் கணக்கில் போடச் செய்துவிட்டார். சிலர் பகிடி பண்ணுகிறார்கள். பண்ணட்டும். களைத்து, பசியோடு, தனியே நிற்கிற நேரம்தான் மோசமான நேரம். இயேசுவிடமும் சோதனைக்காரன் 40 நாள் பட்டினிக்குப் பிறகு முதலில் அப்பத்தைத்தான் பேசினான்.

ஒன்றைக் கவனியுங்கள். கனகாலமாக ஒவ்வொரு நாளும் கூடக் குடித்தவர் திடீரென்று நிற்பாட்டினால் வலிப்பு வரலாம், உயிருக்கும் ஆபத்து. செபம் பண்ணுங்கள், டாக்குத்தரிடமும் போங்கள்.

மேலே சொன்ன அமைப்பின் கூட்டங்கள் பல நாடுகளில் நடக்கின்றன. பல இடங்களில் கோயில் மண்டபத்திலேயே கூடுகிறார்கள். எந்தச் சமயத்தவரும் போகலாம். கட்டணம் இல்லை, முழுப்பெயரும் சொல்லத் தேவையில்லை. பாஷை பயமாயிருந்தால் முதல் நாளைக்கு சுவாமியாரையோ போதகரையோ பாஷை தெரிந்த ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.